தாராவியில் நடந்து போகிறவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாராவி மறுசீரமைப்பைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். பெரும்பாலும் யாருக்கு வீடு கிடைக்கும், எத்தனை சதுர அடி, எந்தக் கட்சி எதிர்க்கிறது, அதானி குழுமத்துக்கு எவ்வளவு லாபம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வீடு முக்கியம்தான், யார் இல்லை என்றது? பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் 350 சதுர அடியின் அருமை தெரியும். ஆனால் இந்தத் திட்டத்தால் சாலைக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன ஆகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியைச் சுற்றியுள்ள சாலைகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பதற்கு 2024 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பார்த்தாலே போதும். கூடுதல் தண்டவாளம் போடவேண்டும் என்று சயான் ஸ்டேஷனை ஒட்டியிருந்த 1912ஆம் வருடத்துப் பாலத்தை ஆகஸ்ட் 1ஆம் தேதி மூடினார்கள். ஒரே ஒரு பாலம்தான். கிழக்கே இருந்து மேற்கே போகிற வண்டிகளெல்லாம் சுற்றிக்கொண்டு வர, டி ஜங்ஷனும் 90 அடி சாலையும் அப்படியே நின்றுபோயின. சைரன் அலறிக்கொண்டிருக்கும் ஆம்புலன்ஸுக்கு வழிவிட நினைத்தாலும் விடுவதற்கு இடம் இருக்காது. 90 அடி என்பது பெயரில்தான். இரண்டு பக்கமும் டெம்போ, கைவண்டி, பைக், அப்புறம் காய்கறிக்கடை எல்லாம் நின்றது போக மிச்சமிருப்பதில்தான் பஸ் போகவேண்டும், அதிலேயேதான் நாங்களும் நடக்கவேண்டும். இப்படிப்பட்ட சாலைகளை வைத்துக்கொண்டுதான் சுமார் 600 ஏக்கர் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள்.

திட்டம் என்ன என்பது உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு எடுத்தது. கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதம். 2025 மே மாதம் முதல்வர் பட்னாவிஸ் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கொடுத்தார். 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதற்கு இரண்டரை லட்சம் கட்டவேண்டும். அதற்கும் பிறகு வந்தவர்களும், மாடியில் இருப்பவர்களும் வெளியே போய் வாடகை கட்டி, பிற்பாடு வேண்டுமானால் சொந்தமாக்கிக்கொள்ளலாம். தாராவியில் மாடியில் இருப்பவர்கள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கீழே அண்ணன், மேலே தம்பி. கீழே வீட்டுக்காரர், மேலே குடிவந்தவர். ஒரே சுவருக்குள் இருப்பவர்களில் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் எங்கேயோ.

அந்த எங்கேயோ எது என்று பார்த்தால்தான் போக்குவரத்துப் பிரச்சினையே விளங்கும். தேவ்னார் குப்பைக்கிடங்கில் 124 ஏக்கர். காஞ்சூர்மார்க், பாண்டுப், முல்லுண்டு பகுதிகளில் உப்பளங்கள் 255.9 ஏக்கர். குர்லாவில் பழைய டெய்ரி நிலம் 21 ஏக்கர். அதாவது லட்சக்கணக்கான ஜனங்களை நகரத்தின் கிழக்கு ஓரமாகக் கொண்டுபோய் விடுகிற ஏற்பாடு.

தாராவியில் வேலைக்குப் போவதென்றால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குப் போவது. கீழே குடித்தனம், மேலே மாலா என்கிற பரணில் தையல் மிஷின். ஜரி வேலை செய்கிற பையன்கள் அந்த அறையிலேயே தூங்கி அந்த அறையிலேயே எழுந்து வேலையைத் தொடங்குவார்கள். சயான் சாலையில் தோல் பை விற்கும் கடைக்குப் பின்புறம் போனால் வெட்டுகிறவர், ஒட்டுகிறவர், ஜிப் வைத்துத் தைக்கிறவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பாதி முடிந்த பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வண்டியே வேண்டாம், ஒரு சின்னப் பையன் தலையில் வைத்துத் தூக்கிப்போய்விடுவான். அப்புறம் நம் ஆட்களின் இட்லி வியாபாரம். விடியற்காலையிலேயே அவித்து, அண்டாவில் அடுக்கி, சைக்கிளிலோ தலையிலோ வைத்துக்கொண்டு, மாட்டுங்கா, மாகிம், பாந்திரா என்று ஜனங்கள் எழுந்திருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சட்னி வாளியும் கூடவே போகும். எந்த ரயிலையும் பஸ்ஸையும் நம்பாத வியாபாரம் அது, தாராவி நகரத்தின் நடுவில் இருப்பதால் மட்டுமே நடக்கிற வியாபாரம்.

இதே குடும்பத்தை முல்லுண்டில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? வீடு அங்கே, பட்டறையும் வாடிக்கையாளர்களும் இங்கே. சயானில் ஸ்லோ ட்ரெயின்தான் நிற்கும். குர்லா, வித்யாவிகார், காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், நாஹூர் தாண்டி முல்லுண்டு. காலையில் அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டியில் காட்கோபரில் ஏறுவது எப்படி என்று மத்திய ரயில்வேயில் போகிற யாரையாவது கேளுங்கள், கதைகதையாகச் சொல்வார்கள். அதிலே இட்லி அண்டாவை எப்படி ஏற்றுவது? தேவ்னாருக்குப் போகிறவர்கள் கோவண்டியிலோ மான்கூர்டிலோ ஹார்பர் லைன் பிடித்து, குர்லாவில் இறங்கி, அந்தக் கூட்டத்தோடு மேம்பாலம் ஏறி மாறவேண்டும். முடியாதவர்கள் பைக் வாங்குவார்கள், ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். இதுநாள்வரை ஒரு சொட்டு பெட்ரோல் செலவழிக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை அரசாங்கமே சாலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பொதுவாக எந்த ஊரிலும் போக்குவரத்து ஆய்வு என்றால் புதிதாக வரப்போகும் கட்டடத்துக்கு எத்தனை கார் வரும், எத்தனை போகும் என்று எண்ணுவார்கள். இங்கிருந்து அனுப்பப்படுகிறவர்கள் திரும்பி வேலைக்கு வருகிற பயணத்தை யார் எண்ணுவார்கள்? தாராவியின் எல்லைக்கோட்டுக்குள் மட்டும் ஆய்வு செய்தால் அது காகிதத்தில் வரவே வராது.

"மெட்ரோ வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கிறது, நல்ல விஷயம்தான், 2025 மே மாதம் தாராவி ஸ்டேஷன் திறந்தார்கள். அந்த மூன்றாவது லைன் ஒரு பக்கம் கஃப் பரேடுக்கும் இன்னொரு பக்கம் பி.கே.சி. (பாந்திரா - குர்லா ஆபீஸ் வட்டாரம்), விமான நிலையம், ஆரே என்றும் போகிறது. முல்லுண்டுக்கும் மான்கூர்டுக்கும் போவதில்லை. ஆகவே அந்த மெட்ரோ, விற்பனைக்குக் கட்டப்போகும் கோபுரங்களில் குடிவருகிறவர்களுக்கு பி.கே.சி. ஆபீஸுக்குப் போக வசதியாக இருக்கும். வெளியேற்றப்படுகிறவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அந்தக் கோபுரவாசிகளாவது மெட்ரோவில் போவார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பல கோடி கொடுத்து ஃப்ளாட் வாங்குகிறவர் இரண்டு கார் இல்லாமல் வருவாரா? அடுக்கடுக்காக பார்க்கிங் கட்டிக் கொடுப்பார்கள், அங்கிருந்து காலை ஒன்பது மணிக்கு எல்லாக் காரும் சயான் - பாந்திரா லிங்க் ரோட்டில்தான் வந்து விழவேண்டும். அந்த ரோடு இன்றைக்கே கலாநகர் சிக்னல் வரைக்கும் எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, இதைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை. தாராவியில் கட்டமுடியாமல் போகிற கட்டட உரிமையை, அதாவது டி.டி.ஆரை, மும்பையின் மற்ற இடங்களில் விற்கலாம். மற்ற பில்டர்கள் டி.டி.ஆர். வாங்கும்போது முதல் 40 சதவீதத்தை தாராவித் திட்டத்திடமிருந்துதான் வாங்கவேண்டும் என்று 2023 நவம்பரில் அரசு விதி கொண்டுவந்தது. ஆக தாராவியின் பெயரில் செம்பூரிலோ போரிவலியிலோ ஏதோ ஒரு குறுகிய தெருவில் கூடுதலாக நாலு மாடி எழும்பும். அந்தத் தெருவின் சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அது தாங்குமா என்று யார் பார்ப்பார்கள்? "தாராவி விவகாரம் நமக்கென்ன" என்று இருக்கும் மற்ற பகுதித் தமிழர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

சரி, தேவ்னாருக்கு வருகிறேன். 1927இலிருந்து மும்பையின் குப்பையைக் கொட்டிவைத்திருக்கும் இடம் அது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை நாள்கணக்கில் அடங்கவில்லை, அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். குப்பை மக்கும்போது உள்ளே மீத்தேன் சேருகிறது, கீழே கறுப்புத் தண்ணீர் கசிந்து நிலத்துக்கும் கடற்கழிக்கும் போகிறது. குப்பைக்கிடங்கு என்றால் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் சொல்லியிருந்தன. இவர்களோ தள்ளி இருப்பதைப் பற்றிப் பேசவில்லை, கிடங்கின் மேலேயே வீடு கட்டப்போகிறார்கள். குப்பையை முழுவதும் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கட்டுவோம் என்பது அவர்கள் பதில். அதற்காக மாநகராட்சி சுமார் 2,368 கோடிக்கு டெண்டர் விட்டது, அகற்றவேண்டிய குப்பை 185 லட்சம் டன், அவகாசம் மூன்று வருடம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியைப் பிரித்து அங்கேயே பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீதியை 20 டன் லாரியில் ஏற்றினால் நான்கரை லட்சம் லோடுக்கு மேல் வருகிறது. மூன்று வருடமும் ஒருநாள்கூட லீவு விடாமல் ஓட்டினாலும் தினம் 400 லாரிக்கு மேல், அத்தனையும் காலியாகத் திரும்பியும் வரவேண்டும். எந்த வழியாக? காட்கோபர் - மான்கூர்டு லிங்க் ரோடு வழியாகத்தான். அந்தச் சாலையில் டம்பர் லாரி மோதிச் செத்தவர்களைப் பற்றிய செய்தியை நீங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், குப்பைமேட்டை என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் தாராவியின் பக்கத்திலேயே இருக்கிறது. மித்தி ஆற்றின் கரையில் 37 ஏக்கரில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம்தான். மரம் வைத்து, வருடக்கணக்கில் விட்டுவைத்து, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றைக்கு உள்ளே போனால் வெளியே இருக்கும் ஹாரன் சத்தம் பாதியாகிவிடுகிறது. இங்கே குப்பைமேட்டைக் காடாக்கத் தெரிந்த நகரம், தேவ்னாரில் அதன்மேல் குழந்தைகளைக் குடிவைக்கப் பார்க்கிறது.

அப்படிக் குடிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மும்பையில் உதாரணம் உண்டு. தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் இருந்த குடிசைகளை அகற்றி, அந்த ஜனங்களை மாகுலுக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். மூச்சுத்திணறல், தோல் அரிப்பு என்று ஜனங்கள் தவித்து, கோர்ட்டுக்குப் போய், மாசு நிறைந்த இடத்தில் யாரையும் கட்டாயப்படுத்திக் குடிவைக்கக்கூடாது, வேறு வீடு தரமுடியாவிட்டால் வாடகைப் பணம் கொடு என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்கிற அளவுக்குப் போனது. அதேபோல கோவண்டியில் நெருக்கிக் கட்டிய மறுவாழ்வுக் குடியிருப்புகளில், வெயிலும் காற்றும் நுழையாத கீழ்மாடி வீடுகளில் காசநோய் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் ஆய்வு செய்தே சொன்னார்கள். குடிசையிலிருந்து கட்டடத்துக்குப் போனால் ஆரோக்கியம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். எத்தனை மாடி என்பதைவிட இரண்டு கட்டடத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாங்கள் பார்க்கிற அழகழகான வரைபடங்களில் அந்த அளவு மட்டும் இருப்பதில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் சாந்தாகுருசில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மித்தி ஆறு திரும்பி ஊருக்குள் ஏறியது. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாமான் முழுவதும் மிதந்தது, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. மழை மட்டுமே அதற்குக் காரணம் கிடையாது. பி.கே.சி. இருக்கும் இடம் முன்பு சதுப்பும் அலையாத்தியுமாக இருந்தது, அதை நிரப்பி ஆற்றை இறுக்கியதன் பலனும் அன்றைக்குத் தெரிந்தது. மும்பையில் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் கடலுக்குப் போகமுடியாது, எங்கேயாவது ஆறு மணி நேரம் காத்திருந்துதான் ஆகவேண்டும். கிழக்குப் பக்கத்தில் அப்படிக் காத்திருக்கிற இடம்தான் இந்த உப்பளங்கள். தானே கடற்கழிக்கும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கும் நடுவே தாழ்வாகக் கிடக்கின்றன. அந்தக் கழியை 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்து, பூநாரைகளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் அதன் ஓரத்து உப்பளத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால் வீடுகள் வேண்டுமானால் நனையாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீர் பாண்டுப், காஞ்சூர், விக்ரோலி வீடுகளுக்குள்தான் போகும். அங்கேயும் நம் ஜனங்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

இப்போதைய தாராவி சுத்தமாக இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. குயவர்கள் இருக்கும் கும்பர்வாடாவின் சூளைப் புகை கண்ணைக் கரிக்கிறது. பிளாஸ்டிக் கழுவிய தண்ணீர் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. அதிலே வேலை செய்கிறவர்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. ஆனாலும் 13 கம்பவுண்டு என்கிற மறுசுழற்சிப் பகுதியில் பிரித்து, அரைத்து, உருக்கி மறுபடி குருணையாக்குகிற பிளாஸ்டிக் மும்பை முழுவதிலுமிருந்து வருகிற குப்பை. மாசு உண்டாக்காத தொழில்களுக்குத்தான் புதிய தாராவியில் இடம் என்கிறார்கள். அப்படியென்றால் இந்த வேலை எங்கே நடக்கும்? பிளாஸ்டிக் குறையப்போவதில்லை, ஒன்று இன்னும் தூரமாக லாரியில் போகும், இல்லை காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்கில் போய்ச் சேரும். தோல் பதனிடுகிற தொழில் முன்பு இங்கிருந்து போனபோது தாராவியில் தைக்கிற வேலையாவது மிஞ்சியது. கழிவு பிரிக்கிற தொழிலை அப்படிப் பாதி இங்கே பாதி அங்கே என்று வைக்கமுடியாது. கழிவுநீர் சுத்திகரிப்பு வசதியோடு இங்கேயே ஒரு பகுதியை ஒதுக்கினால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஒரு விதியைப் பார்த்துத்தான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஒரு அனல்மின் நிலையமோ சுரங்கமோ வந்தால் ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் மட்டும் அந்தக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். காலி நிலத்தில் கட்டுகிற டவுன்ஷிப்பை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போல. ஆனால் இது பத்து லட்சம் பேர் என்று சொல்லப்படுகிற ஒரு ஊரை இடித்துக் கட்டுகிற வேலை, இதற்கும் அதே விலக்குதான். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் கேட்கக்கூடாது என்று ஆகிவிடாது. அரசு தானாகவே முன்வந்து கூட்டம் போடலாம், தடுக்க யாருமில்லை. சர்வே எடுக்க வந்தவர்கள் எங்கள் ஆதார், கரண்ட் பில், 1999ஆம் வருடத்து வோட்டர் லிஸ்ட் எல்லாம் கேட்டார்கள். நீ எங்கே வேலைக்குப் போகிறாய், எப்படிப் போகிறாய் என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அதனால் உங்கள் பத்திரிகை மூலம் நான் கேட்பது இவ்வளவுதான். போக்குவரத்து ஆய்வில் தாராவியோடு தேவ்னார், குர்லா, முல்லுண்டு பக்கத்து இடங்களையும் சேர்த்து, போகிறவர்கள் திரும்பி வேலைக்கு வர எந்த ரயில், எந்த சாலை என்று எண்ணிக்கையோடு சொல்லட்டும். உப்பளத்தை மூடினால் கடல் ஏற்ற நேரத்தில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்ற கணக்கை வெளியிடட்டும். தேவ்னாரில் வாயுவும் கசிவுநீரும் நின்றுவிட்டதென்று அரசு சாராத நிபுணர்கள் சோதித்துச் சொல்லும்வரை ஒரு குடும்பத்தையும் அனுப்பவேண்டாம். இந்த அறிக்கைகளெல்லாம் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் வரட்டும். சுருக்கம் வேண்டாம், முழுசாக வரட்டும், 90 அடி சாலையில் ஒரு மண்டபம் பிடித்து ஒருநாள் விளக்கட்டும், நாங்கள் வந்து உட்காருகிறோம்.

அதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரை ஒரு வேலைநாளில் காலை எட்டு மணிக்கு மான்கூர்டிலிருந்து தாராவி வரை பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். வழியில் ஆகிற நேரத்தையும் செலவையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
தாராவி வாசகர் ஒருவர்,
90 அடி சாலை, மும்பை - 17